கொல்கத்தா தேசிய நூலகத்தில் புதையல் அறையா?

கொல்கத்தா தேசிய நூலகத்தில் வாசலே இல்லாத ரகசிய அறை இருக்கிறது, உள்ளே ஆங்கிலேயர் காலத்து கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பதுக்கிய புதையல், அரசு அதை மூடி மறைக்கிறது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

2010-இல் கொல்கத்தாவின் அலிப்பூரில் உள்ள, அந்த நூலகத்தின் பழைய கட்டடமான பெல்வடேர் மாளிகையை இந்தியத் தொல்லியல் துறை பழுதுபார்க்கத் தொடங்கியது. அப்போது தரைத்தளத்தில் சுமார் 1000 சதுர அடியில், கதவோ ஜன்னலோ இல்லாத ஒரு பகுதி தென்பட்டது. மேல்தளத்தில் திறப்பு ஏதும் இருக்கிறதா என்று தேடினார்கள். அதுவும் இல்லை. புதையல், சித்திரவதைக் கூடம் என்ற ஊகங்கள் அன்றே பத்திரிகைகளில் வந்தன. இன்று சுற்றுவது அந்தப் பழைய ஊகம்தான்.

2011-இல் விடை கிடைத்துவிட்டது. உள்ளே முழுக்க மண். கட்டடம் உறுதியாக நிற்பதற்காக நிரப்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அவ்வளவு பெரிய மாளிகையின் பாரத்தை நினைத்தால் அது நம்பும்படியாகவே இருக்கிறது. 2010, 2011 நாளிதழ்களைப் புரட்டினால் இரண்டு செய்திகளையும் நீங்களே பார்க்கலாம்.

அப்புறம், புதையல் என்றால் அங்கே புத்தகங்கள்தான். தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையின் நூல் சேகரிப்புகூட அந்த நூலகத்தில்தான் இருக்கிறது.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.