மெனுவில் ஒளிந்திருக்கும் இரண்டு கூட்டல் குறி

மாலத்தீவு ரிசார்ட் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி ++ என்று போட்டிருப்பார்கள். 10 டாலர் மீன் குழம்புக்கு பில் 12.87. முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது, அப்படிச் சேர்ந்து வரும் 11 டாலருக்கும் 17 சதவீத சுற்றுலா வரி. முழு விலையையே அச்சடித்தால் மை தீர்ந்துவிடுமா?

சரி, உள்ளூர் மக்கள் வாழும் தீவில் தங்கி, கடையில் வாங்கிச் சாப்பிடலாம் என்று போனால், தொழுகை நேரத்தில் கால் மணி நேரம் ஷட்டர் இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடியும்வரை மூச்! காய்கறி தலைநகர் மாலேயிலிருந்து படகில் வர வேண்டும். படகு என்றைக்கு என்று விசாரித்து அன்றைக்கே போகணும். இரண்டு நாள் தள்ளிப்போனால் அமுங்கிய தக்காளிதான். தொட்டு (Thoddoo) என்ற தீவில் விளைந்த பப்பாளி, தர்பூசணி கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள்.

உருப்படியான ஒரே விஷயம் உள்ளூர் டீக்கடையின் காலை மஸ்ஹுனி. சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் கையால் பிசைந்தது. கூடவே ரோஷி, நம்ம சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி. அங்கே உள்ளூர் நாணயமான ருஃபியாவாகவே கொடுங்கள். டாலரை நீட்டினால் ஒரு டாலரின் 15.42 ருஃபியா மதிப்பை 15 ஆக்கிவிடும் கடைகள் உண்டு.