கைதட்டியவர்களுக்கு ஒரு தாதியின் பதில்

சனிக்கிழமை நிகழ்ச்சியின் காணொளியை யாரும் இனி எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. அந்த மூத்த மருத்துவர் பேசியதைவிட, அதற்கு விழுந்த கைதட்டல்தான் இன்னும் காதில் இரைகிறது.

ஒரு பெண் எழுந்து நின்று, சிறப்பு மருத்துவப் பயிற்சியில் தேர்விலும் தவறி வேலையிலும் தடுமாறுகிற இளம் மருத்துவர்களுக்கு என்ன உதவி இருக்கிறது என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரல் நடுங்கியது. மேடையில் இருந்த யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "முடியாதவர்கள் போகட்டும். இது உயிர் விஷயம்" என்று பதில் வந்தது. அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் வடை தின்றுகொண்டிருந்தவர் தட்டை மடியில் வைத்துவிட்டுத் தட்டியது காணொளியில் தெளிவாகத் தெரிகிறது.

அதன் கீழே நான் எழுதிய சில வரிகளுக்கு, "தாதிக்கு இதில் என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கும் நாற்பத்துச் சொச்சம் பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். சரி, என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன்.

தடுமாறுகிற மருத்துவரைக் கண்டு எனக்குப் பயமில்லை. தடுமாறுவதை மறைக்கிறவரைக் கண்டால்தான் பயம். அப்படி மறைக்க வைப்பது இந்த மாதிரி மேடைப் பேச்சும், இந்த மாதிரி கைதட்டலும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், இங்கே சிங்கப்பூரில், எங்கள் வார்டில் ஒரு தம்பி இருந்தார். எந்த மருத்துவமனை, எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். உள்மருத்துவத்தில் ரெசிடென்ட், அதாவது சிறப்பு மருத்துவப் பயிற்சியில் இருப்பவர். எம்ஆர்சிபி என்ற பிரிட்டிஷ் உள்மருத்துவத் தகுதியின் செய்முறைத் தேர்வில், பேசஸ் என்பார்களே, அதில் தேறவில்லை. அந்தத் தேர்வில் நோயாளியைச் சோதிக்கும்போது தேர்வாளர்கள் பக்கத்திலேயே நின்று பார்ப்பார்கள். தவறிய பிறகு இவர் வார்டிலும் தேர்வாளர் முதுகுக்குப் பின்னால் நிற்பதைப் போலவே நடந்துகொள்ள ஆரம்பித்தார். நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை எடுக்கமாட்டார். கேட்ட ஒலியை அவர் காதே நம்பவில்லை. வேலை தேங்கியது. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் கணினி முன்னால் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். ரவுண்ட்ஸில் கன்சல்டன்ட், அதாவது மூத்த சிறப்பு மருத்துவர், கேள்வி கேட்டால், பதில் தெரிந்திருந்தும் வாய் திறக்காது.

ஓர் இரவு, பொட்டாசியம் குறைந்திருந்த ஒரு பாட்டிக்கு அதை ஏற்றச் சொல்லிப் பதிந்திருந்தார். வேகம் மணிக்கு 20 மில்லிமோல். இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவி இல்லாத சாதாரண வார்டில், கையில் உள்ள நாளத்தின் வழியாக நாங்கள் 10க்கு மேல் போகமாட்டோம். வேகம் கூடினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், நின்றும் போகலாம். மருந்துப் பையைத் தொங்கவிடும் முன் அவரை அழைத்துத் திரையைக் காட்டினேன். பார்த்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. எண்ணைத் திருத்தினார். பிறகு, அதுவரை என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசிவந்தவர், தமிழில் மெல்லச் சொன்னார்: "அக்கா, யாரிடமும் சொல்லாதீர்கள்."

பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பவ அறிக்கையை நான் எழுதத்தான் செய்தேன். அது என் கடமை. ஆனால் அந்தத் தம்பிக்கு முதலில் வந்த பயம் எது என்று பாருங்கள். மேடையில் முழங்கிய அந்த 'உயிர் விஷயம்' அவருக்கு இரண்டாவதாகத்தான் வந்தது.

அறிக்கை மேலே போயிற்று. "இவருக்கு இந்தத் துறை ஒத்துவருமா?" என்ற கேள்வி கீழே வந்தது. தூங்கினாயா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்பதும், இரவுப் பணி முடிந்து தூங்காமல் நேரே போய் அவரை அழைத்துச் செல்வது இவர்தான் என்பதும் எனக்குத் தெரியவந்தது வார்டு பேன்ட்ரியில், ஆறிப்போன ஒரு குவளை மைலோவுக்கு முன்னால். தாதிக்கு என்ன தெரியும் என்று கேட்டவருக்கு: இதுதான் தெரியும்.

உதவி என்றவுடன் சலுகை என்று குதிக்கிறார்கள். பாஸ் மார்க்கைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டது? ஒரு மூத்தவர் இருபது நிமிடம் கூட நின்று, அவர் நோயாளியைச் சோதிப்பதைப் பார்த்து, எது சரி, எது தவறு என்று அன்றைக்கே சொன்னால் போதும். அதற்கென்றே மினி-சிஇஎக்ஸ் (Mini-CEX) என்று ஒரு மதிப்பீடு பயிற்சியில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நோயாளியின் பக்கமே போகாமல், லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைபேசியில் அந்தப் படிவம் நிரம்புவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாக் கட்டத்திலும் 'திருப்தி'. திருப்தி, திருப்தி என்று போட்டுக்கொண்டே வந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று 'இவர் தேறமாட்டார்' என்பார்கள்.

"எங்கள் காலத்தில் 36 மணி நேரம் தூங்காமல் வேலை பார்த்தோம்" என்றார் மேடையில் அந்த மூத்த மருத்துவர். வணங்குகிறேன், ஐயா. அந்த 34ஆவது மணி நேரத்தில் உங்களிடம் வந்த நோயாளியையும் ஒருமுறை மேடைக்கு அழைத்துக் கேட்டிருக்கலாம். ரெசிடென்சி முறைக்கு அடிகோலியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டட். பயிற்சியாளர்கள் மருத்துவமனையே கதி என்று கிடக்க வேண்டும் என்று நினைத்தவர். அவர் கொக்கேய்னுக்கும் பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாக இருந்தார் என்பதை இந்த 'எங்கள் காலத்தில்' அன்பர்கள் சொல்வதே இல்லை. 1984இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்த பிறகுதான், பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு அந்த மாநிலம் வரம்பு வைத்தது. நாம் 2010இல் அமெரிக்காவைப் பார்த்து ரெசிடென்சியைக் கொண்டுவந்தபோது, வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பும் கூடவே வந்தது. அதுவும் நான்கு வாரச் சராசரி. இதைத்தான் சொகுசு என்கிறார்கள், வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு.

அன்றைய வார்டும் இன்றைய வார்டும் ஒன்றா? குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தாண்டிவிட்டார்கள். ஒரே கட்டிலில் சர்க்கரை, சிறுநீரகம், இதயம், ஒரு டஜன் மாத்திரை, வாசலில் மூன்று பிள்ளைகள், மூன்று கருத்து.

மக்கள் பணத்தில் படித்தவர்கள் தாங்கத்தான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். மக்கள் பணத்தில் உருவாக்கியவரைப் பாதியில் தள்ளிவிட்டால் நட்டம் யாருக்கு?

சிலருக்கு உண்மையிலேயே அந்தத் துறை வராது. இருக்கலாம். அதை முதல் ஆண்டிலேயே முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், வேறு துறைக்கு வழிகாட்டுங்கள்.

மருத்துவர்கள் எடுக்கும் உறுதிமொழியைப் பற்றியும் அந்த மூத்த மருத்துவர் உருக்கமாகப் பேசினார். உலக மருத்துவச் சங்கம் 1948இல் எழுதிய ஜெனீவா உறுதிமொழியில், மருத்துவர் தம் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பேணிக்கொள்ள வேண்டும் என்ற வரி 2017இல் சேர்ந்தது. சேர்த்தவர்கள் மருத்துவர்கள்தாம், தாதிகள் அல்லர்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளும் அந்த மேடைக்கு இளைத்தவை அல்ல. பிள்ளைக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தால் மலேசியா, தஞ்சாவூர் வரை செய்தி போகிறது. தேர்வில் தவறினால் சொந்த அண்ணனுக்குக்கூடத் தெரியக் கூடாது. அந்தத் தம்பியின் அம்மாவை ஒருமுறை சிராங்கூன் சாலைக் கோவில் ஒன்றில் பார்த்தேன். கையில் அர்ச்சனைத் தட்டு. "என் மகன் பரீட்சை எல்லாம் முடித்துவிட்டான், தெரியுமா?" என்று பூரித்துப்போய்ச் சொன்னார். எனக்குத் தெரியும். தெரியாதது அவருக்குத்தான். நான் தலையாட்டிவிட்டுப் பிரகாரம் சுற்றப் போய்விட்டேன்.

அந்தத் தம்பி பிறகு பயிற்சியை விட்டுவிட்டார். இப்போது ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கிளினிக்கில் வேலை பார்க்கிறார். என் நாத்தனார் அவரைத் தவிர வேறு யாரிடமும் போவதில்லை. நின்று நிதானமாகக் கேட்கிறாராம். "பார்த்தீர்களா, நல்லதுதானே நடந்தது" என்று யாரும் எழுதிவிடாதீர்கள். அவருக்கு நடந்தது நல்லதாகவே இருக்கட்டும். நின்று நிதானமாகக் கேட்கிற ஒருவரை எங்கள் வார்டு இழந்துவிட்டதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு: நீங்கள் அக்காவோ, மனைவியோ, நீங்களே அந்த மருத்துவரோ, எனக்குத் தெரியாது. தனிச்செய்தி அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கன்சல்டன்ட் இருக்கிறார். பேசஸுக்குப் படிப்பவர்களை வேலை முடிந்த பிறகு வார்டுக்கு அழைத்துப் போய், ஒவ்வொருவரையும் சோதிக்கவிட்டுப் பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறார். எந்த மருத்துவமனை என்று கேட்பதில்லை, எத்தனையாவது முறை என்றும் கேட்பதில்லை. அவரிடம் கேட்டு எண்ணைத் தருகிறேன். மேடைகளில் அவரைப் பார்த்திருக்கமாட்டீர்கள்.