எனக்குப் பால்தான் பிடிக்கும்

ஹாஸ்டலில் பீட்டில்ஸ் என்ற அறுபதுகளின் ஆங்கில ராக் குழுவைக் கேட்கத் தொடங்கிய காலத்தில் எங்கள் அறையில் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. நாலு பேரில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் ஜான் லெனான் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் ஆழமான ஆள் என்று காட்டிக்கொள்ள ஆசையா, ஜார்ஜ் ஹாரிசன். ரிங்கோ ஸ்டார் என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் ஒருநாள் வாய் தவறி "எனக்குப் பால்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டேன். "ஹார்லிக்ஸ் கலந்து குடிடா" என்றான் ரூம்மேட். அன்றிலிருந்து படிப்பு முடியும்வரை எனக்குப் பெயரே ஹார்லிக்ஸ்தான்.

அவமானம் தாங்காமல் நானும் ஜான் கட்சிக்கு மாறினேன். வட்டக் கண்ணாடிகூட வாங்கினேன், பார்வையில் ஒரு குறையும் இல்லாமலேயே. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது, கண்ணாடியும் உண்மையாகவே தேவைப்படுகிறது. இனி என்ன பயம்? எனக்குப் பால் மெக்கார்ட்னிதான் பிடிக்கும்.

சரி, ஒரே குழுவில், ஒரே பாட்டில், ஒரே மேடையில் நிற்கிற நாலு பேரில் ஒருவன் கெத்தாகவும் இன்னொருவன் மொக்கையாகவும் எப்படி ஆகிறான்? அழகு என்று நினைத்தால் பீட் பெஸ்டின் கதையைப் பாருங்கள். ரிங்கோவுக்கு முன்னால் டிரம்ஸ் வாசித்தவர். குழுவின் சொந்த ஊரான லிவர்பூலில் பெண்களுக்கு அவர்மேல்தான் கிறக்கம். அதிகம் பேசமாட்டார், ஒரு மாதிரி இறுக்கமாக உட்கார்ந்திருப்பார். கெத்துக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் இருந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அவரை வெளியே அனுப்பினார்கள். அவர்கள் வழக்கமாக வாசிக்கும் கேவர்ன் கிளப்பில் ரசிகர்கள் ரிங்கோ வேண்டாம் என்று கத்தினார்கள். நடந்த தள்ளுமுள்ளில் ஜார்ஜுக்குக் கண் வீங்கியது.

அப்படி வந்த ரிங்கோவுக்கு அடுத்த மாதமே ஸ்டூடியோவில் ஒரு அடி. முதல் பாட்டின் பதிவுக்குத் தயாரிப்பாளர் தரப்பு ஆண்டி வைட் என்ற இன்னொரு டிரம்மரை வரவழைத்துவிட்டது. ரிங்கோவின் கையில் கஞ்சிரா மாதிரி ஒரு டாம்பரின் கொடுத்து ஆட்டச் சொன்னார்கள். நம்மூரில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறதே, ஒப்புக்குச் சப்பாணி. ரிங்கோவைப் பற்றிய பொதுக் கருத்து பல வருடங்களுக்கு அதுவாகவே இருந்தது. "உலகத்திலேயே சிறந்த டிரம்மரா? பீட்டில்ஸிலேயே அவர் சிறந்த டிரம்மர் இல்லையே" என்று ஜான் சொன்னதாக ஒரு மீம் மாதம் ஒருமுறை என் டைம்லைனில் வந்து போகிறது. ஜான் இறந்தது 1980 டிசம்பரில். அந்த ஜோக் 1981-இல் ஒரு பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவை நிகழ்ச்சியில் வந்தது. பகிர்கிறவர்கள் இனியாவது நிறுத்தலாம். ரிங்கோ இடதுகைக்காரர், வாசித்ததோ வலதுகைக்காரர்களுக்கு அடுக்கிய டிரம் செட்டில். அதனால் அவர் உருட்டுகிற உருட்டல்கள் ஒரு மாதிரி தள்ளித் தள்ளி, எதிர்பாராத இடத்தில் வந்து விழும். டிரம்மர்களைக் கேளுங்கள், அதை அப்படியே வாசித்துக் காட்டுவது எவ்வளவு பாடு என்று சொல்வார்கள்.

ஆனால் என் வழக்கு ரிங்கோவுக்காக இல்லை. ரிங்கோ தன்னைக் கெத்து என்று காட்டிக்கொள்ளவே இல்லை. 1968-இல் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு நாலு பேரும் தியானம் கற்கப் போனபோது அவர் மட்டும் பெட்டி நிறைய வேகவைத்த பீன்ஸ் டின்களுடன் போய் இறங்கினார். சின்ன வயதில் வயிற்றில் பெரிய நோய் வந்து படுத்தவர், காரம் ஒத்துக்கொள்ளாது. பத்து நாளில் கிளம்பியும் வந்துவிட்டார். இப்படிப்பட்ட மனிதரைக் கேலி செய்து என்ன ஆகப்போகிறது?

பால் விஷயம் வேறு. அவர் மெனக்கெடுவது வெளியே தெரியும். என் கணக்கில் அவருடைய குற்றம் அதுதான். மேடையில் அவர் சிரிப்பது, கூட்டத்துக்குப் பிடிக்க வேண்டும் என்று மெட்டைச் செதுக்குவது, "வாங்கப்பா, வேலையைப் பார்ப்போம்" என்று மற்றவர்களை உசுப்புவது, எல்லாமே கண்ணில் படும். ஜானுடைய மெனக்கெடல் தெரியாது. ஏனோதானோ என்று செய்துவிட்டுப் போன மாதிரி ஒரு தோரணை. உழைப்பவனைவிட உழைக்காத மாதிரி தெரிபவனுக்கு மவுசு அதிகம். வகுப்பில் "நான் படிக்கவே இல்லடா" என்று சொல்லிக்கொண்டே முதல் மார்க் எடுப்பவனை நமக்குத் தெரியாதா?

இத்தனைக்கும் 1966 வாக்கில் உண்மையிலேயே புதுமைகளைத் தேடி அலைந்தவர் பால். ஜான் வெய்பிரிட்ஜில், ஊருக்கு வெளியே பெரிய வீட்டில் மனைவி குழந்தையோடு இருந்தார். லண்டன் நகரத்துக்குள் குடியிருந்த பால் நவீன நாடகம், ஓவியம், ஸ்டாக்ஹவுசன் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் புதுமை இசை என்று சுற்றினார். வீட்டில் டேப்பை வெட்டி ஒட்டி, ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருகிற லூப் செய்து விளையாடினார். பீட்டில்ஸ் செய்ததிலேயே விசித்திரமான பாட்டு என்று ஜான் பெயரில் கொண்டாடுகிறோமே, 'டுமாரோ நெவர் நோஸ்', அதற்குள் பறவை கத்துகிற மாதிரி வரும் சத்தங்கள் அந்த விளையாட்டிலிருந்து வந்தவை. இண்டிகா என்ற புத்தகக் கடையும் ஓவியக் கூடமும் திறந்தபோது அலமாரி அடிக்கக்கூடப் பால் கைகொடுத்தார். அந்த இண்டிகாவில்தான் அதே வருடம் நவம்பரில் ஜான், பின்னாளில் தன் மனைவியான ஜப்பானிய நவீனக் கலைஞர் யோகோ ஓனோவைச் சந்தித்தார். அப்புறம் நவீனக் கலைஞர் என்ற பட்டம் யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

குழு உடைந்த பிறகு பாலின் நிலைமை இன்னும் மோசம். 1971-இல் மனைவி லிண்டாவோடு சேர்ந்து 'ராம்' என்று ஒரு ஆல்பம் போட்டார். (நம்ம ராம் இல்லை, செம்மறிக் கிடா. அட்டையில் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.) விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதே வருடம் ஜான் தன் 'இமாஜின்' ஆல்பத்தில் பாலை நேரடியாகத் திட்டி ஒரு பாட்டு வைத்தார், ஜார்ஜ் அதில் கிட்டார் வாசித்தார். பண்ணைக்குப் போய் ஆடு வளர்த்துக்கொண்டு, மனைவியைக் கீபோர்டில் நிறுத்திக்கொண்டு, காதல் பாட்டு பாடுகிற ஆளுக்கு எங்கிருந்து கெத்து வரும்? இன்று அதே 'ராம்' ஆல்பத்தை இருபது வயதுப் பிள்ளைகள் தேடிக் கேட்கிறார்கள். நான் கேட்டவரையில் 'இமாஜின்' ஆல்பத்தைவிட அதில்தான் உயிர் அதிகம். அடிக்க வருபவர்கள் கமெண்டில் வரிசையாக வரவும்.

ஜார்ஜின் கதை வேறு விதமாகத் திரும்பியது. அவர் வீட்டுக் கடைக்குட்டி மாதிரி. ஆல்பத்துக்கு ஒன்றோ இரண்டோ பாட்டுதான் பங்கில் கிடைக்கும். இன்று ஸ்பாட்டிஃபையில் பீட்டில்ஸ் பாட்டுகளில் அதிகம் ஒலிப்பது அவர் எழுதிய 'ஹியர் கம்ஸ் தி சன்'. 100 கோடி முறையைத் தாண்டிவிட்டது. அந்தப் பதிவில் ஜான் வாசிக்கவே இல்லை.

என் மனதை மறுபடி மாற்றியது 2021-இல் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் கொண்டுவந்த 'கெட் பேக்' ஆவணப்படம். 1969 ஜனவரியில் குழு புதுப் பாட்டுகளுக்கு ஒத்திகை பார்த்தபோது எடுத்த பழைய படச்சுருளிலிருந்து தொகுத்தது, கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். பால் அதிகாரம் செய்து குழுவை உடைத்தார் என்று கேட்டே வளர்ந்தவன் நான். படத்தில் பார்த்தால், ஜான் இன்னும் வந்து சேரவில்லை. ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார். பால் சும்மா உட்காராமல் பேஸ் கிட்டாரைச் சாதா கிட்டார் மாதிரி வறட்டு வறட்டென்று தட்டிக்கொண்டே இருக்கிறார். சில நிமிடங்களில் வெறும் இரைச்சலுக்குள்ளிருந்து படத்துக்கே பெயரான அந்தப் பாட்டு எழுந்து வருகிறது. நான் இரண்டு முறை பின்னால் நகர்த்திப் பார்த்தேன். அவர் ஜார்ஜை நச்சரிப்பதும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஜார்ஜ் வெறுத்துப்போய் ஒருநாள் எழுந்து போய்விடுகிறார். ஆனால் அந்த நச்சரிப்பு இல்லையென்றால் அன்றைக்கு அந்த அறையில் வேலையே நடந்திருக்காது.

எனக்கு இன்னொன்றும் பிடிக்கும். 1968 ஆகஸ்டில் ரிங்கோ மனம் வெறுத்துக் குழுவைவிட்டுப் போய்விட்டார். போகும் முன் ஜானிடம், "நீங்கள் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு இருக்கிறீர்கள், நான் தனியாக நிற்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஜான், "நீங்கள் மூன்று பேர்தான் அப்படி என்று நான் நினைத்தேன்" என்றாராம். பாலிடம் போய்ச் சொன்னால் அவரும் அதையே சொல்லியிருக்கிறார். இதை ரிங்கோவே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவருடைய டிரம் செட்டைப் பூக்களால் நிறைத்து வைத்திருந்தார்கள். ஜார்ஜின் வேலை.

என் ரூம்மேட் இன்னும் ஜான் கட்சிதான். போன வாரம் போனில் பேசும்போது 'கெட் பேக்' பார்த்தாயா என்று கேட்டேன். "எட்டு மணி நேரமா? ஜான் எப்ப வர்றார்னு சொல்லு ஹார்லிக்ஸ், அங்கேருந்து பார்க்கிறேன்" என்றான்.