மலபார் வீதியில் நாங்கள் நிற்கவே இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு வழிகாட்டியோடு கண்டியின் பழைய வீதிகளைச் சுற்றி நடந்தேன். குயின்ஸ் ஹோட்டல் முன்னால் தொடங்கி வாவிக்கரை, புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை, தேவாலயங்கள், கொட்டுகொடல்ல வீதி என்று இரண்டரை மணி நேரம். புசல்லாவையிலிருந்து சின்ன வயதில் எத்தனையோ தடவை கண்டிக்கு வந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், ஆஸ்பத்திரி, திரும்ப பஸ். நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை.

வழிகாட்டி விஷயம் தெரிந்தவர். வாவியின் வேலை 1807இல் தொடங்கியது, கரையோரத்து அலையலையான மதில் அரசனின் ஆட்சி போனதால் பாதியில் நின்றது என்றெல்லாம் அழகாகச் சொன்னார். ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில், இடையிடையே சிங்களத்தில். பிள்ளை தாத்தாவின் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அப்பா, "விடும்மா, நீ கேளு, நான் பாத்துக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டார். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

அரசனின் சபை மண்டபமான மகுல் மடுவவின் மரத்தூண்களுக்கு நடுவே நின்றோம். 1815 மார்ச் 2ஆம் திகதி, கண்டி இராச்சியத்தை வெள்ளைக்காரர் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்தம் நடந்த இடம். அதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். அந்த ஒப்பந்தத்தின் மூன்றாவது வாசகத்தை அங்கேயே வாசித்திருக்க வேண்டும். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆண் உறவினர்கள் அனைவரும் எதிரிகள், எழுத்து அனுமதி இல்லாமல் இந்த மாகாணங்களுக்குள் கால் வைக்கக் கூடாது; வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் திரும்பி வரக்கூடாது; மீறினால் இராணுவச் சட்டம். மலபார் என்று வெள்ளைக்காரர்கள் அன்று சொன்னது தென்னிந்தியத் தமிழர்களைத்தான். அரசனை வேலூருக்குக் கொண்டுபோனார்கள், 1832இல் அங்கேயே இறந்தார்.

அதே வெள்ளைக்காரர்கள்தான் 1820களில் இந்த மலைகளில் கோப்பி போட்டார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸே கன்னொருவையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். வேலைக்கு ஆள் வேண்டும் என்றதும் தென்னிந்தியாவிலிருந்து நம் ஆட்களை, இன்றைய மலையகத் தமிழரின் முன்னோர்களை, வரவழைத்தார்கள். வரக்கூடாது என்று சட்டம் எழுதிப் பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். 2023இல் அந்த 200 வருடத்தை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்களே, அதே பாதை. கண்டியின் கதையில் இதைவிடப் பெரிய திருப்பம் எது? எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கண்டியைக் கடைசியாக ஆண்ட, தென்னிந்திய வழிவந்த நாயக்க அரசர்களின் உறவினர்கள் குடியிருந்த மலபார் வீதியை வழிகாட்டி தூரத்திலிருந்து கையைக் காட்டியதோடு சரி. நாங்கள் அங்கே நிற்கவே இல்லை.

நான் கண்டியை நம்முடையது என்று பிடுங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. பெரஹர ஊர்வலத்தில் தலதாவை முன்னால் கொண்டுவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனும் நாயக்க அரசன்தான். கலந்து கிடக்கும் ஊர் இது. கலந்ததைக் கலந்தபடி, தமிழிலும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நடை முடிந்ததும் நாங்களே ஆட்டோ பிடித்து மகியாவ மயானத்துக்குப் போனோம். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை அங்கே இருக்கிறது. 1892இல் அவர் இறந்தபோது தோட்டத்து ஆட்கள்தான் உடலை மாற்றி மாற்றிச் சுமந்து கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். கல்லில் அவர் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது. சுமந்தவர்களைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அங்கேதான் அப்பா வாய் திறந்தார். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியப்பா இந்தியா போனபோது, பாஸ்போர்ட்டுக்காக இரண்டு பேரும் கண்டிக்கு வந்த கதை. "இதே டவுன்லதாம்மா, கடை வாசல்ல படுத்துக் கெடந்தோம். விடிஞ்சா வரிசை நீண்டுடும்." பிறகு தலைமன்னார் கோச்சி, ராமேஸ்வரம் கப்பல். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் இதை அவர் சொன்னதே இல்லை. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை அனுப்புவது என்று 1964இல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் எங்கள் பெரியப்பா.

தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருடா வருடம் சுற்றுலா என்று கண்டிக்கு வருகிறார்கள். பேராதனைப் பூங்கா, மாளிகை, ஐஸ்கிரீம், திரும்ப பஸ். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு நடை வேண்டும். கட்டுக்கலைப் பிள்ளையாரில் தொடங்கலாம். மகுல் மடுவ, மலபார் வீதி, மகியாவ. வழிகாட்டிப் பயிற்சிக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும், அதற்கு யாராவது செலவு செய்ய வேண்டும். அது வரைக்கும் நாமே நடக்கலாம்.

அடுத்த போயா (பௌர்ணமி) அன்று காலை ஏழு மணிக்குக் கட்டுக்கலைக் கோவில் வாசலில் நானும் அப்பாவும் நிற்போம். வரக்கூடியவர்கள் வாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், நடக்க முடிந்த தூரம் வரைக்கும் அவர்களையும் கூட்டிவாருங்கள்.