75 சதவீதத்தில் ஓர் இரட்சிப்பு

கிறிஸ்தவ நாவல் ஒன்றைக் கையில் எடுத்தால், கதாநாயகன் எத்தனையாவது பக்கத்தில் மனந்திரும்பி இரட்சிக்கப்படுவான் என்று நானும் அத்தையும் பந்தயம் கட்டுவதுண்டு. பந்தயம் என்ற சொல்லை மட்டும் அத்தை ஏற்கமாட்டார்கள். "கணிப்பு" என்றுதான் சொல்ல வேண்டும். தோற்றவர் ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில் கால் கிலோ அல்வா வாங்கித் தர வேண்டும். கிண்டிலில் சதவீதம் தெரிவதால் யாரும் ஏமாற்ற முடியாது. அத்தை எப்போதும் 75 என்பார்கள். நான் குறும்புக்காக 60 என்றோ 90 என்றோ சொல்லி அல்வாவுக்குக் காசு இழப்பேன்.

நாங்கள் வாசிப்பது அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்பகங்கள் வெளியிடும் நாவல்கள். காதல் இருக்கும், ஒரு மர்மம் இருக்கும், பின்னணியில் ஏதாவது ஒரு பழைய காலம் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மனந்திரும்புதல் இருக்கும். அத்தை ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுடைய மகள் அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியில் சாக்லேட்டுக்கு அடியில் இவற்றில் நாலைந்து இருக்கும். அப்படித்தான் எனக்கும் தொற்றிக்கொண்டது. பதினைந்து ஆண்டுகளாக வாசிக்கிறேன், ஏழெட்டு ஆண்டுகளாக விமர்சனமும் எழுதுகிறேன். போன வாரம் ஒரு தோழி, "பிரசங்கத்துக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டால் அது நாவலாகிவிடுமா?" என்று கேட்டாள். கோபம் வந்தது. பாதி உண்மை என்பதால் கூடுதலாகவே வந்தது.

முதலில் அந்த 75 சதவீதக் கணக்கு. அதற்கு எழுத்தாளரின் சோம்பேறித்தனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அதற்குள் ஒரு வேத வசனம் உட்கார்ந்திருக்கிறது. "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக." இரண்டு கொரிந்தியர் 6:14. நம் சபைகளில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் வந்து விழும் வசனம். இந்த நாவல்களுக்கும் அதுவே சட்டம். நாயகி விசுவாசி, நாயகன் அவிசுவாசி என்றால் அவன் மனந்திரும்பாமல் அவர்கள் சேர முடியாது. மற்றக் காதல் கதைகளில் சாதியும் பணமும் பிடிவாதமான தகப்பனும் செய்யும் வேலையை இங்கே அவனுடைய அவிசுவாசம் செய்கிறது. எந்தக் கதையிலும் தடை விலக வேண்டிய இடம் முக்கால்வாசி. மிச்சமிருக்கும் கால்வாசியில் கொலைகாரன் பிடிபட வேண்டும், முத்தம் ஒன்று வர வேண்டும், மணி அடிக்க வேண்டும்.

அவன் தேடியது தேவனையா, அந்தப் பெண்ணையா? இந்தக் கேள்வியைப் பெரும்பாலான நாவல்கள் கேட்பதே இல்லை. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்த மாப்பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆல்பம் கைக்கு வந்த பிறகு அவர்களைக் கோவில் பக்கம் பார்த்திருக்கிறோமா? அப்படி ஒரு மாப்பிள்ளையை வைத்து யாராவது எழுதினால் முழு விலை கொடுத்து வாங்குவேன்.

எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன். கனடாவின் ஜேனட் ஓக் 1979-இல் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி', பின்னால் வந்த பல நாவல்களுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. கணவனை இழந்த மார்ட்டி, மனைவியை இழந்து சிறு குழந்தையோடு நிற்கும் கிளார்க். ஒதுங்க ஓர் இடம் வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், அதற்காக ஒரு கல்யாணம். காதல் பிறகு மெல்ல வருகிறது. "இதில் என்ன அதிசயம்? எங்கள் தலைமுறை முழுக்க இப்படித்தானே" என்பார்கள் அத்தை. மாமாவின் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

பிரான்சின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்' பற்றி எனக்கும் அத்தைக்கும் தீராத வழக்கு உண்டு. 1991-இல் பொதுப் பதிப்பகம் ஒன்றில் வந்து, 1997-இல் திருத்தப்பட்டுக் கிறிஸ்தவப் பதிப்பகத்தில் மறுபடி வந்த நாவல். ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850-இன் கலிபோர்னியாவில், தங்க வேட்டைக் காலத்தில் வைத்திருக்கிறார். பைபிளில் ஓசியா, தன்னைவிட்டு வழிதவறிப்போன மனைவி கோமேரைப் பதினைந்து வெள்ளிக்காசுக்கும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமைக்கும் கொள்கிறான். அவளுக்கு அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ரிவர்ஸ் கேட்டார். கோமேரின் இடத்தில் வரும் ஏஞ்சல் என்ற பெண் திரும்பத் திரும்ப ஓடிப்போகும்போது, அவளுடைய நியாயம் நமக்குப் புரிகிறது. அதுவரை எனக்குச் சம்மதம். ஆனால் அவளை மணக்கும் மைக்கேல் எனக்கு எட்டவில்லை. அவளை மணக்கச் சொல்லித் தேவன் பேசியதை அவன் காதால் கேட்டுவிடுகிறான். கேட்டவனுக்கு என்ன சந்தேகம் வரும்? சந்தேகமே வராதவனோடு நான் எப்படி நானூறு பக்கம் வாழ்வது? அத்தைக்கோ மைக்கேல்தான் உத்தம புருஷன். இந்த வழக்கு நியாயத்தீர்ப்பு நாள்வரை போகும்.

மர்மத்துக்கு வருகிறேன். கிறிஸ்தவ நாவலில் மர்மம் கலப்பது எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அது பிரசங்கத்துக்குக் கடிவாளம். துப்பறியும் கதை சாட்சியம் கேட்கும். கண்ணீரை அது ஏற்காது. நான் படித்த ஒரு நாவலில் (தலைப்பு வேண்டாம்) துப்பறியும் பெண் வழி தெரியாமல் முழங்காலில் நின்று ஜெபிக்கிறாள், எழுந்ததும் கொலையாளி யார் என்று மனதில் "உணர்த்தப்படுகிறது". நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஜெபத்தில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. இருநூறு பக்கம் நானும் கூடவே துப்பு பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், எனக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

இதில் பழைய ஏற்பாட்டுக் காலத்தவர்கள் நம்மைவிட நேர்மையானவர்கள். கத்தோலிக்கப் பைபிளில் தானியேல் புத்தகத்தில் இரண்டு அதிகாரங்கள் கூடுதலாக உண்டு. புராட்டஸ்டன்ட்களான எங்கள் பைபிளில் அவை இல்லை. கல்லூரித் தோழி ஒருத்தி கொடுத்துத்தான் படித்தேன். சூசன்னா என்ற பெண் மேல் விபச்சாரப் பழி சுமத்திய இரண்டு முதியவர்களையும் தானியேல் தனித்தனியாகப் பிரித்து, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறான். ஆளுக்கொரு மரம் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் பேல் என்ற சிலை இரவில் படையலைத் தின்கிறது என்று ராஜா நம்புகிறான். தானியேல் கோவில் தரையில் சாம்பலைத் தூவி வைக்கிறான். விடிந்து பார்த்தால் பூசாரிகள், அவர்கள் பெண்டு பிள்ளைகள் எல்லோருடைய கால் தடமும் சாம்பலில். தானியேல் தரிசனம் காணத் தெரியாதவனா? அவனைவிடத் தெரிந்தவன் யார்? ஆனாலும் சாம்பல்தான் தூவினான்.

ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டனின் துப்பறியும் பாதிரியார் ஃபாதர் பிரவுனும் இதே குடும்பம். 1910-இல் வந்த முதல் கதையிலேயே, பாதிரியார் வேடத்தில் வந்த திருடனைக் கண்டுபிடித்ததற்கு அவர் சொல்லும் காரணம்: நீ பகுத்தறிவைத் தாக்கிப் பேசினாய், அது தவறான இறையியல். இந்த ஒரு வரியை நம் மர்ம நாவலாசிரியர்கள் மேசைக்கு முன்னால் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று சொல்லாமல் மேலே போக முடியவில்லை. எஸ்தர் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனை, அழகி, ராஜாவைக் கொல்லச் சதி, மறைத்து வைத்த பிறப்பு, தூக்கம் வராத இரவில் வாசிக்கப்படும் நாளாகமத்தால் திரும்பும் கதை. காதல், மர்மம், சரித்திரம் மூன்றும் உண்டு. அதில் தேவனுடைய நாமம் ஓரிடத்திலும் வருவதில்லை. உபவாசம் உண்டு, ஜெபம் என்ற சொல் இல்லை. நாயகி மணப்பது ஒரு பெர்சிய ராஜாவை, அவன் கடைசிவரை மனந்திரும்புவதும் இல்லை. இந்தக் கையெழுத்துப் பிரதியை இன்றைக்கு ஒரு கிறிஸ்தவப் பதிப்பகத்துக்கு அனுப்பினால் அந்நிய நுகத்தைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரித்திரத்தில்தான் இந்த நாவல்கள் அதிகமாகச் சறுக்குகின்றன. பாவாடை, தொப்பி, குதிரை வண்டி, சமையல் எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே இருக்கும் பெண் மட்டும் போன வருடத்துக் கல்லூரியிலிருந்து வந்திருப்பாள். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நாவல்களில் இது கண்ணைக் குத்தும். அடிமை வைத்திருக்கும் வீட்டில் பிறந்த நாயகி, பிறந்ததிலிருந்தே அடிமைமுறையை வெறுப்பாள். அவ்வளவு நல்லவர்கள் அத்தனை வீடுகளில் இருந்திருந்தால் போர் எதற்கு?

அதனால்தான் லின் ஆஸ்டினின் 'கேண்டில் இன் த டார்க்னஸ்' நாவலை இரண்டாம் முறை வாசித்தேன். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்தில் செல்வந்தர் வீட்டுப் பெண் கரோலின். அடிமைமுறை தேவன் வகுத்தது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். அவளை மடியில் வைத்து வளர்த்த டெஸ்ஸியின் மகனை விற்றுவிடுகிறார்கள். கரோலினுக்குக் கண் திறக்கத் தொடங்குகிறது, ஒரே நாளில் இல்லை, ஆண்டுகள் எடுக்கிறது. அவளுடைய தகப்பனும் மணக்கப்போகிறவனும் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையின் பக்கம். அந்த மாப்பிள்ளை சார்லஸ் வில்லனும் இல்லை, அவிசுவாசியும் இல்லை. இந்த வகை நாவலில் அது எவ்வளவு அபூர்வம் என்று வாசித்தவர்களுக்குத் தெரியும்.

ரிச்மண்டில் மர்மத்தைக் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. ஊரே ஒரு துப்பறியும் கதை. தெற்கின் தலைநகரிலேயே இருந்துகொண்டு வடக்கு ராணுவத்துக்கு உளவு சொன்னவர் எலிசபெத் வான் லூ என்ற பணக்காரப் பெண்மணி. அதே ஊரின் லிபி சிறைச்சாலையிலிருந்து 1864 பிப்ரவரியில் 109 வடக்கு அதிகாரிகள் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள், அவர்களில் 59 பேர் தங்கள் படையைப் போய்ச் சேர்ந்தார்கள். போர் முடிந்து, வடக்குப் படைத் தளபதியாக இருந்த கிராண்ட் ஜனாதிபதியானதும் 1869-இல் அந்த அம்மையாரை ரிச்மண்டின் தபால் தலைவராக நியமித்தார்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய மர்மம் அந்த ஊரின் கோவில்கள். அங்கே கறுப்பின மக்களுக்கென்று 1841-இல் உருவான பெரிய பாப்டிஸ்ட் சபை ஒன்று இருந்தது. அதன் போதகர் வெள்ளைக்காரர். 1831-இல் நாட் டர்னர் என்ற அடிமைப் பிரசங்கியார் கலகம் செய்த பிறகு, கறுப்பினத்தவர் பிரசங்கம் செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1845-இல் தெற்குப் பாப்டிஸ்டுகள் தனியே பிரிந்துபோனதும் அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற சண்டையில்தான். அதே 1845-இல், அடிமைமுறையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் தன் சரிதையின் பின்னிணைப்பில் இந்த நாட்டின் கிறிஸ்தவம் வேறு, கிறிஸ்துவின் கிறிஸ்தவம் வேறு என்று பிரித்து எழுதினார். போர் முடியப்போகும் நேரத்தில் லிங்கன், இரு தரப்பும் ஒரே வேதாகமத்தை வாசித்து ஒரே தேவனிடம் ஜெபித்ததைச் சொல்லி, இருவருடைய ஜெபமும் முழுமையாகக் கேட்கப்படவில்லை என்றார்.

இப்படிப்பட்ட ஊரில் கதை சொல்ல வந்தவர் யாருடைய ஜெபத்தை எழுதுவார்? ஆஸ்டின், சார்லஸின் தரப்பையும் கேட்க விடுகிறார். அதற்கு என் வணக்கம். குறையும் உண்டு. வீட்டில் அடிமையாக இருக்கும் எலாய் விசுவாசத்தில் மலைபோல நிற்கிறார். கரோலின் கலங்கும்போதெல்லாம் ஆறுதல் சொல்ல அவரிடம் வார்த்தை தயாராக இருக்கிறது. அவர் கலங்கினால் யாரிடம் போவார்? அடிமைப்பட்டவர்களின் வேதனை எஜமானி மகளின் ஆவிக்குரிய வளர்ச்சிக்கு உரமாகிவிடுவது எனக்கு உறுத்தியது. கிறிஸ்தவ நாவல்களுக்கான கிறிஸ்டி விருது பெற்ற நாவல். விருதுக்குத் தகுதியானதும்கூட. உறுத்தியது உறுத்தியதுதான்.

(நடுவில் ஒன்று. அத்தையும் நானும் ரிச்மண்டுக்காக அழுவது எளிது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று எழுதியபோது நம் தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களில் எத்தனை பேர் எழுந்து வெளியே போனார்கள் என்பதை வைத்து ஒரு நாவல் வந்தால், கல்லறைத் தோட்டத்தில் இன்றும் சுவர் இருக்கும் ஊர்களில் அதை யார் பரிசளிப்பார்கள்?)

தோழிக்குச் சொல்ல வேண்டிய பதில் விமர்சனம் எழுதும் எங்களைப் பற்றியது. இந்த நாவல்கள் இப்படி இருப்பதற்கு நாங்களும் காரணம். பதிப்பகம் இலவசப் பிரதி தரும், நாங்கள் எழுதுவோம். பிரதி இலவசமாக வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009-இல் திருத்திய விதிகள் கேட்பது. அதனால் அந்த விமர்சனங்களின் அடியில் "16 சி.எஃப்.ஆர். பகுதி 255" என்று அந்த விதியின் எண்ணோடு, ஆதியாகமம் அதிகாரம் வசனம்போல ஒரு வரியைப் பார்க்கலாம். இலவசத்தைவிட ஆபத்தானது பக்தி. ஆசிரியர் நல்ல விசுவாசி, நோக்கம் நல்லது, மூன்று நட்சத்திரம் போட்டால் கர்த்தருடைய ஊழியத்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டதுபோல ஆகிவிடுமோ என்று கை நடுங்கும். மேலே சொன்னேனே, கொலையாளியின் பெயர் "உணர்த்தப்பட்ட" நாவல்? அதை மூடிவைத்த நான் ஒரு வாரம் கழித்து எடுத்து முடித்து, ஐந்து நட்சத்திரம் போட்டேன். கடைசியில் தாயும் மகளும் ஒப்புரவாகும் காட்சியில் அழுதுவிட்டேன். அந்த மாதம் என் அம்மாவோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அழுதது என் கதைக்காக. நட்சத்திரம் விழுந்தது அவர்கள் கதைக்கு.

நேற்று அந்த மதிப்பீட்டை மூன்றாகக் குறைத்தேன். 'கேண்டில் இன் த டார்க்னஸ்' நாவலுக்கு நான்கு, எலாய் பற்றிய என் புகாரோடு.

அதை இப்போது அத்தை வாசிக்கிறார்கள். நேற்று இரவு ஒன்பதரைக்கு போன் வந்தது. 40 சதவீதம் தாண்டிவிட்டார்களாம்.

"ஆளை வாங்குகிறவனும் விற்கிறவனும் எல்லோரும் முதல் பக்கத்திலிருந்தே கோவிலுக்குப் போகிறவர்களாக அல்லவா இருக்கிறார்கள்? யாரை வைத்து நான் கணிப்பது?" என்று கேட்டார்கள்.

இந்த வாரம் அல்வாவுக்கு ஆளுக்குப் பாதிக் காசு என்று முடிவாகியிருக்கிறது.