இடுப்பு இல்லாத நீதி தேவதை

பழைய வயலின் என்றாலே நாம் கேட்பது இரண்டே கேள்விதான். யார் செய்தது? என்ன விலைக்குப் போகும்? மேலே சித்திரமோ தந்த இழைப்போ இருந்துவிட்டால் கூடவே ஒரு "அடேயப்பா, என்ன வேலைப்பாடு!" அதோடு அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்ந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், வயலினுக்குப் பெரியண்ணன் போன்ற ஒரு செல்லோவின் முதுகைப் படத்தில் பெரிதாக்கிப் பார்க்கும் வரை.

அமெரிக்காவில், தெற்கு டகோட்டா மாநிலத்தின் வெர்மிலியன் என்ற சிறிய ஊரில் தேசிய இசை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருக்கும் அந்த செல்லோவுக்குப் பெயர் 'கிங்'. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியின் கிரெமோனாவில் ஆந்திரேயா அமாதி செய்தது. பிறகு பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லசின் அரசவைக்காக அதன் மேல் பொன்னும் வண்ணமும் தீட்டினார்கள். பக்கவாட்டில் கிரீடத்தோடு 'கே' என்ற எழுத்து. லத்தீனில் மன்னர் பெயர் கரோலுஸ். முதுகில் அரச சின்னம், அதன் பக்கங்களில் பக்தியும் நீதியும் பெண் உருவில்.

அந்த நீதி தேவதைக்கு இடுப்பே இல்லை! மேல் பாதியும் கீழ் பாதியும் நேராக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஓவியன் மேல் தப்பில்லை. அமாதி செய்தது மூன்று நரம்புள்ள பெரிய வாத்தியம். பின்னால் வந்தவர்களுக்கு நான்கு நரம்பும் கைக்கு அடங்கும் உடலும் தேவைப்பட்டன. 1801 வாக்கில் பாரிசில் அதை அறுத்துச் சிறிதாக்கினார்கள். நடுவிலிருந்து எடுத்த பலகையோடு அவள் இடுப்பும் போய்விட்டது.

இதே செல்லோ வெறும் வார்னிஷோடு இருந்திருந்தால்? ஒட்டுக்கோடு கைதேர்ந்த ஆசாரி கண்ணுக்கு மட்டும் தெரியும். நாம் "நானூறு வருடமாக அப்படியே இருக்கிறது" என்று சிலாகித்துக்கொண்டிருப்போம். 1800ஐ ஒட்டிய காலத்தில் பழைய இத்தாலிய வயலின்களில் கழுத்து மாற்றாதது அபூர்வம். உள்ளே ஒட்டும் கட்டையையும் மாற்றினார்கள். மேலே பூங்கொடி இருந்தால்தான் வெட்டு மறையாது. பாதியில் நிற்கும் கொடி காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இப்போதெல்லாம் அலங்காரம் அழகுக்காக என்றே தோன்றுவதில்லை, சாட்சிக்காக என்றுதான் தோன்றுகிறது.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம், அதே கிரெமோனாவின் புகழ்பெற்ற வயலின் ஆசாரி ஸ்ட்ராடிவாரி செய்த அலங்கார வாத்தியங்கள் நான்கு இருக்கின்றன: 1687, 1709இல் செய்த வயலின்கள், 1695இன் வயோலா, 1688இன் செல்லோ. விளிம்பைச் சுற்றித் தந்தத்தில் சின்னச் சின்னச் சாய்சதுரமும் வட்டமும் மாறி மாறிப் பதித்திருக்கிறார். வேறு வேறு வருடங்களில் பிறந்தவற்றைப் பின்னால் ஒரு சேகரிப்பாளர் நால்வர் அணியாகச் சேர்த்தார். இன்றும் கச்சேரியில் வாசிக்கிறார்கள்.

அறுத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அறுக்காவிட்டால் வாசித்திருக்க மாட்டார்கள், வாசிக்காதது விறகாகியிருக்கும். வெர்சாய் நகரில் பாத்தோன் என்ற கைவினைஞர் 1716இல் கடையில் சும்மா கிடந்த பழைய கிதார்களை எடுத்து, கைப்பிடியைச் சுற்றி வாசிக்கும் சக்கர வாத்தியங்களாக மாற்றிவிட்டார். பிரபுக்கள் வீட்டில் அதுதான் அப்போது மோஸ்தர். கிதார் ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம், அந்த மரமாவது தப்பித்ததே!

என் எரிச்சல் எல்லாம் அருங்காட்சியகங்களில் விளக்க அட்டை எழுதுகிறவர்கள் மேல்தான். செய்தவர் பெயர், வருடம், ஊர். முடிந்தது. கழுத்து யாருடையது, எந்தப் பலகை எப்போது மாறியது என்று எழுத இன்னும் இரண்டு வரி போதாதா? பல இடங்களில் எழுதுவதில்லை.

2012இல் மாட்ரிட் அரண்மனையில் இருக்கும் ஸ்ட்ராடிவாரியின் அலங்கார செல்லோ, படம் எடுக்கும்போது சேதமானது. ஸ்ட்ராடிவாரி உடைந்துவிட்டது என்று செய்தி பறந்தது. உடைந்தது அவர் கைபட்ட பாகமே இல்லை, 19ஆம் நூற்றாண்டில் மாற்றிப் பொருத்திய கழுத்துத் துண்டு. அப்படி ஒரு துண்டு அதில் இருந்தது என்பதே நம்மில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.