மேட்டுப்பாளையத்தில் மறைந்து ஊட்டியில் முளைத்தால்

போன ஞாயிறு பர்லியாறு தாண்டி பஸ் நின்றுவிட்டது. மேலே எங்கோ மரம் விழுந்துவிட்டதாம். பக்கத்து சீட்டில் தங்கச்சி மகன் எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

"மாமா, இங்க மறைஞ்சு ஊட்டியில முளைக்கிற மாதிரி எப்ப கண்டுபிடிப்பாங்க?"

அதற்கு டெலிபோர்ட்டேஷன் என்று பேர், 1993லேயே கணக்கு எழுதிவிட்டார்கள், 1997ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஒளித்துகளை வைத்துச் செய்தும் காட்டிவிட்டார்கள் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தான். 2017ல் சீனர்கள் தரையிலிருந்து 1400 கிலோமீட்டர் வரை தள்ளியிருந்த செயற்கைக்கோளுக்கே அனுப்பினார்கள்.

அப்புறம்தான் கசப்பைச் சொன்னேன். போனது பொருள் இல்லை, துகளின் நிலை மட்டும், அதாவது அது எப்படி இருக்கிறது என்பது. அதை வாங்கிக்கொள்ள அங்கே வேறொரு துகள் ஏற்கெனவே காத்திருக்க வேண்டும். ஆளை அனுப்புவதென்றால் ஊட்டியில் கரி, தண்ணீர், சுண்ணாம்பு எல்லாம் மூட்டை கட்டி வைக்க வேண்டும். இங்கே அளந்ததை ரேடியோவிலோ லேசரிலோ சொல்லியனுப்பினால்தான் வேலை முடியும் என்பதால் ஒளியை முந்தவும் வழியில்லை.

இந்த இடத்தில் எல்லாரும் தத்துவம் பேசுவார்கள், அங்கே முளைத்தவன் நானா வேறொருவனா என்று. எனக்கு அதில் அக்கறையில்லை. என் கவலை மேடு.

மூட்டை வேண்டாம், உடம்பே அப்படியே தாவுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2240. 70 கிலோ ஆளை 1900 மீட்டர் தூக்க சுமார் 13 லட்சம் ஜூல் வேண்டும். கரண்ட் பில்லில் பார்த்தால் அரை யூனிட்கூட இல்லை, ஆனால் யாராவது கட்டியாக வேண்டும். பஸ் முதல் கியரில் முக்கி முனகுவது அந்தக் கடனுக்குத்தான். வேறு எங்கிருந்தும் வராவிட்டால் உடம்புச் சூட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். போட்டுப் பார்த்தேன்: ஐந்து டிகிரிக்குக் கொஞ்சம் மேல். 37ல் கிளம்பியவன் 32ல் போய் நடுங்கிக்கொண்டு நிற்பான். எடை கூடினால் கடனும் உடம்பிலுள்ள சூடும் சேர்ந்தே கூடும், அதனால் குண்டோ ஒல்லியோ, இந்த ஐந்து பெரிதாக மாறாது. இறங்கும்போது தலைகீழ், 42 டிகிரி காய்ச்சலோடு நேராக ஆஸ்பத்திரிதான்.

யூடியூபில் 'விரைவில் வருகிறது' என்று அடித்துவிடுகிறவர்கள் யாரும் இந்தச் சின்னக் கணக்கைத் தொடுவதில்லை. சமவெளிக்காரர்கள் போல.

"ஏறும்போது ஸ்வெட்டர் போட்டுக்கறேன்" என்றான்.

"குளிர் உள்ள இருந்து வருது மாப்ள, ஸ்வெட்டர் என்ன பண்ணும்?"

அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இன்னும் எத்தனை வளைவு என்று கேட்டான். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.